படம் ஓடி முடிந்தது, பையனைத்தான் பார்க்க முடியவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடாமல், கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வரும் மே மாதம் 1998-99 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி கூடுவதைப் பற்றி குரூப்பில் பேச்சு நடக்கிறது. சாப்பாட்டுக்கு யார், சாமியானாவுக்கு யார் என்று பிரித்தாகிவிட்டது. "போட்டோ ஷோவை நான் பாத்துக்கறேன் டீச்சர். ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல அதுவே பண்ணிடும்" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். நல்ல பிள்ளை, ஆசையோடுதான் சொல்கிறான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்ததும் எனக்குப் போன சந்திப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அன்று வந்தவர்களுக்கு நினைவிருக்கும். உங்களோடு படித்து, இருபத்தாறு வயதில் விபத்தில் போய்விட்ட பையனின் அம்மாவை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். படம் ஓட ஆரம்பித்தது. மொத்தம் 400 படங்கள், ஒவ்வொன்றும் 2 விநாடி. பின்னால் சினிமாப் பாட்டு, காது கிழிகிற சத்தம். அவன் படமும் வந்தது. குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் தெளிவாக்கியிருந்தார்கள். நிறம் வெளுத்து, கன்னம் வழவழவென்று, பல்வரிசை புதிதாக, யாரோ ஒரு பையன். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் "உங்க பையன்தாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் திரையில் யாருடைய கல்யாண வரவேற்போ வந்துவிட்டது.

அந்த அம்மா என் கையைப் பிடித்து, "டீச்சரம்மா, எம் புள்ள படத்த இன்னொருக்கா போடச் சொல்லுங்க" என்றார். எழுந்து போய்ச் சொன்னேன். எல்லாப் படமும் சேர்ந்து ஒரே வீடியோவாக இருந்தது. பின்னால் இழுத்தார்கள், முன்னால் தள்ளினார்கள், ஒருமுறை முதலிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அதற்குள் மைக்கில் முதல் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "பரவாயில்ல டீச்சர், விடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றவாளி நான்தான். அந்தக் குரூப் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டது நான். சுவரில் மாட்டியிருந்ததை இறக்கக்கூடச் சோம்பல்பட்டு, கண்ணாடியோடு, டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் ஒரு தட்டு. அசல் என் வீட்டில் இருக்கும்போது நகலின் நகலை வைத்து நிகழ்ச்சி நடந்திருக்கிறது. அசல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள். அந்தப் போட்டோ 10 அங்குலத்துக்கு 8 அங்குலம். அதில் ஒரு பிள்ளையின் முகம் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அடுத்த பக்கம் போய்ச் சேரும்போது 1600 புள்ளி அகலமாகச் சுருங்கியிருந்தது. 10 அங்குலத்துக்கு 1600 என்றால் அங்குலத்துக்கு 160. ஒரு சென்டிமீட்டர் முகத்துக்குக் கிடைப்பது 63 புள்ளி. அதே போட்டோவை அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தால் அதே முகத்துக்கு 236 புள்ளி. 63 புள்ளியை எட்டடித் திரையில் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அந்தக் கட்டங்களை மறைக்க ஆப் என்ன செய்கிறது? இல்லாத கண்ணையும் பல்லையும் தானாக வரைந்து நிரப்புகிறது. கரும்பலகையில் அழிந்துபோன வரியைப் பையன் தன் கற்பனையில் எழுதி நோட்டை நீட்டினால் நான் சரி போடுவேனா? மங்கலாக இருந்தாலும் அது அவன் முகம். இறந்தவர்கள் படத்தை இந்த ஆப்புகளில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உயிரோடு இருப்பவர்கள் தங்களை வெளுப்பாக்கிக்கொள்வது அவரவர் இஷ்டம்.

போன மாதம் அந்தப் போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்கேனர் உள்ள கடைக்குப் போனேன். ஒரு எச்சரிக்கை: பழைய போட்டோ ஈரம் பட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். என்னுடையது நல்லவேளையாக ஒட்டவில்லை. அட்டை தடிமனாக இருந்ததால் ஸ்கேனரின் மூடி மூடவில்லை. மேலே கறுப்புத் துணியைப் போட்டுச் செய்தோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், சட்டையில் மேல் பொத்தான் இல்லை, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்க்கிறான். அப்படியே அவன்தான். ஒரு பிரிண்ட் போட்டு அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சட்ட அவங்க அண்ணனோடது டீச்சர், போட்டோ எடுக்கறாங்கன்னு கேட்டு வாங்கிப் போட்டுட்டு வந்தான்" என்றார். எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியாத விஷயம்.

ஆகவே மே மாதத்துக்கு என் யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ஸ்லைடு புரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்தக் கற்றுக் கொடுத்தார்கள். அதில் ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டால்தான் திரையில் நேராகத் தெரியும். எங்கள் விரிவுரையாளர் ஒவ்வொரு ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துடைத்து, வரிசைப்படுத்திய பிறகுதான் வகுப்புக்கு வருவார். கோடாக் கம்பெனியின் வட்டத்தட்டில் வழக்கமாக 80 ஸ்லைடு பிடிக்கும். 2004-ல் அவர்கள் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அந்த 80 என்ற எல்லை ஒரு நல்ல வாத்தியார். எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிக்க வைத்தது. இப்போது எல்லையே இல்லை, அதனால் யோசனையும் இல்லை.

80 படம் போதும். அதற்கு மேல் வேண்டாம். சராசரியாக 7 விநாடி வைத்தால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் வைப்பதும் தப்பு. தனி ஆள் படத்துக்கு 5 விநாடி போதும். நாற்பது பேர் நிற்கிற படத்தில் ஒவ்வொருவரும் முதலில் தன்னைத் தேடுவார், பிறகு பக்கத்தில் நின்றவரைத் தேடுவார். அதற்கு 15 விநாடியாவது வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வீடியோவாகச் செய்யாதீர்கள். பவர்பாயிண்டிலோ வேறு எதிலோ தனித்தனிப் பக்கமாக வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டட்டும். யாராவது "நிறுத்து" என்றால் நிற்க வேண்டும், "பின்னால் போ" என்றால் போக வேண்டும்.

படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம். டாக்குமெண்ட் என்று ஒரு வழி இருக்கிறது, அதில் அனுப்பினால் அசல் அப்படியே வரும். எடுத்த தேதியும் படத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் அது போய்விடும். ஐபோன்காரர்கள் அனுப்புவது சில சமயம் ஹெச்ஈஐசி என்ற வகையில் வந்து பழைய லேப்டாப்பில் திறக்காது. முதலிலேயே ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள். சாதாரணப் பழைய 4க்கு 6 போட்டோவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி ஸ்கேன் போதும், 1800க்கு 1200 கிடைக்கும். பெரும்பாலான திரைகள் 1920க்கு 1080தான், ஏறக்குறையச் சமம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் 600 வையுங்கள்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் அகலத் திரையில் பாதிகூட நிறையாது. உடனே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து விடாதீர்கள். போன தை மாதம் நம் வீட்டுக் காதுகுத்தில் பெரியம்மாவை அப்படித்தான் இழுத்து வைத்திருந்தீர்கள். ஒல்லியான மனுஷி, பூசணிக்காய் மாதிரி தெரிந்தார். அவரே சிரித்துவிட்டார் என்றாலும் செய்தது தப்பு. கறுப்புப் பின்னணியில் அப்படியே நடுவில் வையுங்கள், அல்லது நிமிர்ந்த படம் இரண்டை அருகருகே போடுங்கள். இடம் காலியாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

படத்தின் கீழே பெயரும் வருஷமும் எழுதுங்கள், பெரிய எழுத்தில், யூனிகோடு தமிழில். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் டீச்சரின் பெயர் கெட்ட வார்த்தை மாதிரி வந்து நிற்கும். கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நம்மில் பாதிப் பேருக்கு இப்போது கண்ணாடி.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சிலதை மட்டும் சொல்கிறேன். மே மாதப் பகலில் சாமியானாவுக்குள் புரொஜெக்டர் போட்டால் ஒன்றும் தெரியாது. வகுப்பறைக்குள் ஜன்னலைச் சாத்திப் போடலாம், இல்லையென்றால் சாயங்காலம் ஆறரைக்கு மேல். எல்ஈடி வால் பிடிக்கலாம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பகலிலும் தெரியும், உண்மைதான். ஆனால் பி3 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 3 மில்லிமீட்டர். 12 அடி அகல வாலில் சுமார் 1200 புள்ளிதான் வரும். உங்கள் கையில் இருக்கிற போன் திரையிலேயே பலருக்கு அதைவிட அதிகம். கிட்டே உட்கார்ந்தால் கண் கூசும், முகம் சிதறும். செலவையும் யோசித்தால், என் ஓட்டு புரொஜெக்டருக்கும் இருட்டறைக்கும்.

சத்தத்தில்தான் எப்போதும் கோட்டை விடுகிறோம். ஹெச்டிஎம்ஐ வயரைச் சொருகியதும் லேப்டாப் சத்தத்தையும் அதன் வழியே புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டரில் இருக்கிற ஸ்பீக்கர் தீப்பெட்டி அளவு. ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஒன்றும் வரவில்லையே என்று எல்லோரும் வயரை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். லேப்டாப்பில் சத்தம் போகும் வழியைக் கையால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதை முதல் நாளே அதே லேப்டாப், அதே வயர், அதே புரொஜெக்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய விஜிஏ வயராக இருந்தால் அதில் சத்தமே போகாது, தனி வயர் வேண்டும். லேப்டாப் தானாகத் தூங்கிவிடாமலும், நடுவில் அப்டேட் கேட்காமலும், வாட்ஸ்அப் செய்தி திரையில் எட்டிப் பார்க்காமலும் அணைத்து வையுங்கள். ஒரு வீட்டு நிகழ்ச்சியில் சாமி படத்துக்கு மேல் "இ.எம்.ஐ. கட்டவில்லை" என்று செய்தி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். லேப்டாப் மக்கர் பண்ணினால் டிவியில் சொருகிக் காட்டலாம். அதற்கு ஃபைல் பெயர்களை 1, 2, 3 என்று வைக்காமல் 001, 002, 003 என்று வையுங்கள். இல்லையென்றால் சில டிவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். வருகைப் பதிவேட்டில் வரிசை தவறினால் நான் எப்படிக் கோபப்படுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பாட்டு விஷயத்தில் சண்டை வரும், வரட்டும். ஆரம்பத்தில் ஆட்கள் உட்காரும் வரை மெல்ல ஒரு இசை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் ஓடும்போது வேண்டாம். பாட்டு ஓடினால் வாய் மூடிக்கொள்கிறது. "ஏய், இது நீதானே", "அந்த வேப்பமரம் இப்ப இல்லடி" என்று சனம் பேசுவதுதான் நிகழ்ச்சியே. அந்தச் சட்டை அண்ணனுடையது என்று அந்த அம்மா சொன்னாரே, அது மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி இருக்கும். போனில் குரல் பதிவு செய்து அனுப்புங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவர்கள் வாய்க்குப் பக்கத்தில் வைத்து. அரை நிமிஷம் போதும். அந்தப் படம் வரும்போது அந்தக் குரலைப் போடலாம். அந்த அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். "எனக்குப் பேச வராது டீச்சர்" என்றார், "யோசிச்சுச் சொல்றேன்" என்றும் சொன்னார். வற்புறுத்தப் போவதில்லை.

இன்னொன்று. யாருடைய படத்தைப் போடுவதாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரிந்துபோன கணவனோடு நிற்கிற கல்யாணப் படம் ஒன்று போன முறை ஓடியது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். நான் பார்த்தேன்.

படங்களை ஏப்ரல் 10-க்குள் எனக்கு அனுப்புங்கள். அசல் போட்டோ இருந்தால் வாங்கி ஸ்கேன் செய்து மூன்று நாளில் திருப்பித் தருகிறேன், ஒரு மூலைகூட மடங்காது. மடிகிற வேலை இருந்தால்தான் எனக்கும் பொழுது போகும். "பத்து நிமிஷத்துல பண்ணிடறேன்" என்ற பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரட்டும், உட்கார்ந்து சேர்ந்து பண்ணலாம். காபி உண்டு.

இப்போது கேள்வி. ஸ்கேன் செய்த குரூப் போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வரிசையில் வலமிருந்து நான்காவது, இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில்தான் ரிப்பன் இருக்கிறது. அரையாண்டுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளை என்று நினைக்கிறேன். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. யாருக்காவது தெரியுமா?