பளபளப்பு போதுமா?

மாதிரி விமானத்துக்கு ஹார்ட்வேர் கடை ஸ்ப்ரே லாக்கர் போதும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குளோ இன்ஜின் எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால்; கூடவே நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய். மஃப்ளரிலிருந்து தெறிப்பது சாதாரண அக்ரிலிக் லாக்கரை இளக்கிவிடும். எண்ணெய் பால்சா மரத்தில் ஊறினால் எடை கூடும், ஒட்டும் விட்டுப்போகும். (மின்கல விமானத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை.) நைட்ரேட் டோப் தாங்காது. பியூட்டிரேட் டோப் ஓரளவு தாங்கும். ஆனால் பத்து பாகாட்டின் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

என் தேர்வு, ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன். அந்த ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. சாதாரண முகக்கவசம் தடுக்காது. விடுதி அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. கையுறை போட்டு, திறந்தவெளியில், பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசலாம். முதலில் ஒரு பால்சாத் துண்டில் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, எரிபொருளில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்த டின் விமானத்தின் பக்கமே வரக்கூடாது.