தொட்டி கட்டவா சட்டமன்றம்?

தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, ஐயம்பேட்டைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தார் ஒரு பெரியவர். "எம்.எல்.ஏ. என்று ஒருவரை அனுப்புகிறோமே, அவர் என்னதான் செய்கிறார்?" என்று கேட்டார். விடைகளுக்கா பஞ்சம்! தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார் என்றார் ஒருவர். நிழற்குடை அமைக்கிறார் என்றார் மற்றொருவர். மணவீட்டுக்கு வருகிறார், மாலை சூட்டுகிறார். பிணவீட்டுக்கு வருகிறார், மலர்வளையம் வைக்கிறார் என்றார் மூன்றாமவர். எந்தச் சட்டத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார், எந்தத் திருத்தம் கொடுத்தார் என்று ஒருவரும் கேட்டாரில்லை. பட்டம் பெற்ற ஆசிரியன் நானும் கேட்கவில்லை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டி கட்டப் பேரூராட்சி இருக்கிறது, ஊராட்சி இருக்கிறது. சட்டமன்றத்துக்கு ஆளனுப்புவது எதற்கு? பெயரே சொல்கிறதே, தோழர்களே!

தொட்டி கட்டாத, தொகுதியே இல்லாத ஓர் உறுப்பினரின் கதையைக் கேளுங்கள். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் போராடி இடம் பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் அவர் இருந்தது நான்காண்டுகள்கூட இல்லை. அதற்குள் செய்ததைப் பாருங்கள்!

கோயில்கள் நிறைந்த நம் காஞ்சியிலும், நாடெங்கிலும், சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்தது. 'கொடுமை, கொடுமை' எனக் கூவியோர் பலர். கூவினால் கொடுமை போய்விடுமா? அந்தப் பெண்ணைக் கட்டிவைத்தது பொட்டு மட்டுமன்று, நிலம்! கோயில் ஊழியம் செய்யும்வரை மானிய நிலத்தின் விளைச்சல் அவளுக்கு. ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். விடுதலை வேண்டுமென்றால் பட்டினியையும் சேர்த்து ஏற்க வேண்டும். இந்த முடிச்சைக் கண்டுபிடித்தார் முத்துலட்சுமி. 1926ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் அது நிறைவேறியது. நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அவளுடையதே. ஆர்ப்பாட்டமில்லாத திருத்தந்தான்; ஆனால் பசியைக் காட்டி மிரட்டிய கை அங்கே முறிந்தது.

எதிர்ப்பு இல்லாமலா? சத்தியமூர்த்தி எதிர்த்தார். மரபு என்றனர், கலை என்றனர், ஆண்டவன் தொண்டு என்றனர். கலையைக் காக்க வேண்டுமாம். அதற்கு ஏழெட்டு வயதுச் சிறுமியின் கழுத்து வேண்டுமாம்! எந்தக் கலை ஐயா, ஒரு குலத்துப் பெண்ணின் மானத்தை மட்டும் விலையாகக் கேட்பது?

இவ்விடத்தில் நம்மவர்மீதும் எனக்கொரு வழக்குண்டு. சத்தியமூர்த்திக்கு அம்மையார் கொடுத்ததாக ஒரு சுடச்சுடப் பதிலடியை மேடைதோறும் சொல்கிறோம். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. நில மானியத் திருத்தத்தைச் சொல்லும் பேச்சாளர் எத்தனை பேர்? அவர் உழைத்த இடம் ஒன்று, நாம் கைதட்டும் இடம் வேறொன்று.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் 1930இல் அவர் கொண்டுவந்தார். அவ்வாண்டே காந்தியார் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். கொள்கைக்காகப் பதவியைத் துச்சமென எறிந்தார் என்று புகழ்வர். எனக்கோ புகழ நா எழவில்லை. மசோதா சட்டமாகாமல் கிடந்தது. தடைச் சட்டம் வந்தது 1947இல். பதினேழு ஆண்டுகள்! அந்த இடைக்காலத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியருக்கு யார் விடை சொல்வது? 1930இல் அவ்வை இல்லமும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையும் கண்ட பெருமாட்டிதான். ஆயினும் இதை எழுதத்தான் வேண்டும். அவையில் ஓர் இடம் காலியானால் வெளியே யாருடைய கழுத்தில் கயிறு விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

இனி நம் தறிக்கு வருவோம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறிடம் போக முடியாத நெசவாளனுக்கும், மானிய நிலத்தால் கட்டுண்ட அந்தப் பெண்ணுக்கும் முடிச்சு ஒன்றே அன்றோ? காஞ்சி வட்டாரத்தில் பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காகப் பிள்ளைகளையே தறியில் உட்கார வைத்த காலமும் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஏட்டிலே இருக்கும் அது வீட்டிலே நடக்கிறதா என்று கேட்க வேண்டியவர் யார்? நிழற்குடையைத் திறக்க வருகிறவர்தாம்!

ஆகவே ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இம்மாவட்டத்துத் தறிகளில் முன்பணத்தால் கட்டுண்டு விடுவிக்கப்பட்டோர் எத்தனை பேர், மறுவாழ்வுத் தொகை பெற்றோர் எத்தனை பேர் என்று அவையில் வினா எழுப்புமாறு நம் உறுப்பினரைக் கேட்கும் விண்ணப்பம். தேநீர்க் கடைப் பெரியவர் முதல் கையெழுத்திட்டுவிட்டார். ஞாயிறு மாலை அதே கடையில் இருப்பேன், பேனாவும் இருக்கும்.