ஜாதகம் பீரோவிலேயே இருக்கட்டும்!

எங்கள் அம்பத்தூர் பக்கம், பி.எஸ்சி., முடித்த பெண் என்றாலே, 'அடுத்து கல்யாணம் தானே?' என்கின்றனர். என் மகளோ, 'இன்னும் ஒரு வருஷம் ஆராய்ச்சி படிச்சு, ஆனர்ஸ் வாங்கறேம்மா...' என்றாள். 'எம்.எஸ்சி.,ன்னாலாவது பேர் இருக்கு. இது என்ன புதுசா?' என்று குதித்தார் என்னவர்.

விசாரித்துப் பார்த்தேன். யு.ஜி.சி., 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு பட்டத் திட்டம் இது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள், நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதலாம். பிறகு முதுகலை ஒரே ஆண்டு தான். மதிப்பெண் இருந்தால், நேராக பிஎச்.டி.,க்கே விண்ணப்பிக்கலாம். ஆய்வுக்கு முதல் படியாக இருந்த எம்.பில்.,லையும் அதே ஆண்டு நிறுத்தி விட்டனர்.

ஆனால், தேசிய கல்விக் கொள்கையை தமிழக அரசு ஏற்காததால், இங்கே பெரும்பாலும் மூன்றாண்டு பட்டம் தான். மகள் படித்ததும் அது தான். அவளுக்கு இரண்டாண்டு எம்.எஸ்சி., தான் வழி.

அந்தத் திட்டத்திலும் ஒரு சங்கடம். மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி, வெளியே வரலாமாம். நல்ல வரன் வந்தால், முதலில் வெளியே வருவது யார்? நம் வீட்டுப் பெண் தானே!

எம்.எஸ்சி.,க்கு விண்ணப்பித்து விட்டோம். ஜாதகத்தை இரண்டு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது என்று, பீரோ சாவியை நானே வைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, அம்பத்தூர்.