ஒலி பெருகும், தெளிவு பெருகுமா?

நம் சங்க விழாக்களில் பேச்சு விளங்காதபோது, "இன்னும் கூட்டுங்கள்!" என்ற குரல் பின்வரிசையில் எழுவது வழக்கம். கூட்டினால் இரைச்சலே மிகுகின்றது. இதன் காரணம் அறிய, ஆம்ப்ளிஃபயர் என்னும் மின்பெருக்கியின் செயலை நாம் அறிதல் வேண்டும்.

மைக்கிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. அதனையே பெருக்கி ஊதிப் பெரிதாக்குவதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. சிறிய அலை, மின்வழங்கியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைத் தன் வடிவத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் ஆள்கின்றது. சிறு கை மதகைத் திருப்ப, ஏரிநீர் அதற்கேற்பப் பாய்வதை ஒத்தது இது. ஏரியில் உள்ள அளவுக்குமேல் நீர் வருமா? வாராது. அவ்வாறே, மின்வழங்கியின் எல்லையைத் தாண்டுமாறு கூட்டினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு போகும். நாம் கேட்கும் கரகரப்பு அதுவே.

இம்மதகாக முதலில் விளங்கியது வால்வு. 1906-இல் லீ டி பாரஸ்ட் மூன்று முனை வால்வை அமைத்தார். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இரண்டையும் நம் பெங்களூரும் செய்தது. 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஜாலஹள்ளியில் 1961-இல் வானொலி வால்வுகளையும், 1962-இல் ஜெர்மேனியம் குறைகடத்திக் கருவிகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று.

பெருக்கிகளில் சில வகைகள் உண்டு. 'ஏ' வகையில் மின்னோட்டம் ஓயாது பாயும், ஒலி தூயது, ஆயினும் மின்சாரத்தில் பாதிக்குமேல் வெப்பமாக வீணாகும். 'பி' வகையில் இரு டிரான்சிஸ்டர்கள் அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பகிர்ந்துகொள்ளும், வீண் குறையும், கைமாறும் இடத்தில் சிறு சிதைவு நேரும். அச்சிதைவைக் குறைக்க, இரண்டிலும் எப்போதும் சிறிது மின்னோட்டத்தை ஓடவிடுவது 'ஏபி' வகை. 'டி' வகையோ நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தின் அளவாலேயே ஒலியின் வடிவத்தை அமைக்கும். வெப்பம் குறைவு, எடையும் குறைவு.

எவ்வகையாயினும் எல்லை உண்டு. 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்காகத் தோன்ற, ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே, மைக்கை வாயருகே வைத்தலும், ஸ்பீக்கர்களைப் பின்வரிசைக்கு அருகிலும் பகிர்ந்து வைத்தலுமே நல்வழி.

மற்றொன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடையும் உண்டு. நம் அண்டை வீட்டார் பலர் கன்னடம் பேசுவோர். தேர்வுக்குப் படிக்கும் அவர்தம் பிள்ளைக்கும், நோயுற்ற முதியவர்க்கும் நம் விழா தொல்லையாகலாகாது. தமிழ் அவர்கள் செவிக்கு இனிதாய்ச் சென்றால் உறவு வளரும். இரைச்சலாய்ச் சென்றால் உள்ள உறவும் தேயும்.