சுடோ அடிக்க முதல் வாசியுங்கோ

எங்கட ஆட்களுக்குள் லினக்ஸ் பற்றிக் கதைக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல விசயம். கிராக் பண்ணின விண்டோஸை விட்டுவிட்டு உபுண்டுவுக்கோ மின்டுக்கோ வந்தவர்கள், “இப்ப நாங்கள் சுதந்திர மென்பொருள் பாவிக்கிறம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். அவர்களோடுதான் எங்களுக்குச் சண்டை. பணிசெயல் முறைமையை மாற்றிய நீங்கள் பழக்கத்தை மாற்றவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

கிராக் பழக்கம் என்றால் என்ன? முன்பின் தெரியாத ஒருவர் தந்த கோப்பை, அன்டிவைரஸை நிறுத்திவிட்டு, நிர்வாகி உரிமை கொடுத்து ஓடவிடுவது. உள்ளுக்கு என்ன வந்தது என்று கேளாமல் விடுவது. அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று அப்டேட்டையே பூட்டி வைப்பது. ஏதும் பிழைத்தால் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோய், “எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ அண்ணா” என்பது.

இப்போது லினக்ஸில் என்ன நடக்கிறது? யூடியூப் வீடியோவுக்குக் கீழே கிடக்கிற ஒரு வரியைக் கொப்பி பண்ணி டெர்மினலில் ஒட்டுகிறார்கள். அந்த வரி ‘சுடோ’ என்று தொடங்குகிறது. இல்லையென்றால் ‘கேர்ல்’ கொண்டு ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, ஒரு வரிகூட வாசிக்காமல் நேரே ‘பாஷ்’இடம் ஓடக் கொடுக்கிறார்கள். கடவுச்சொல் கேட்கிறது, அடிக்கிறார்கள். சுடோ என்றால் இயந்திரத்தின் முழு அதிகாரமும் அந்த வரியின் கைக்குப் போகிறது. வீட்டுத் திறப்பை றோட்டில் போறவரிடம் குடுக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இத்தனைக்கும் உங்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு நல்ல வாசல் இருக்கிறது. டெபியனும் அதிலிருந்து பிறந்த உபுண்டு, மின்ட் போன்றவையும் பாவிக்கிற ‘ஆப்ட்’ என்ற கருவியைத்தான் சொல்கிறோம். 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், 1990களின் கடைசியில் வந்து சேர்ந்தது இது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளரோ ஒரு குழுவோ பொறுப்பு. பொதிகளின் பட்டியல் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. வழியில் யாராவது கைவைத்தால் ஆப்ட் அதை ஏற்க மறுக்கும். ஒரு மென்பொருளுக்கு வேறு எதெது தேவை என்று பார்த்து அதையும் சேர்த்துக் கொண்டுவரும். என்ன வந்தது, எப்போது வந்தது என்று பதிவும் வைக்கும்.

பழக வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. ‘ஆப்ட் அப்டேட்’ எதையும் புதுப்பிக்காது, பட்டியலை மட்டும் புதிதாக எடுக்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’தான் உண்மையில் புதுப்பிக்கிறது. ‘ஆப்ட் ஷோ’ ஒரு பொதி என்ன செய்யும், யார் பொறுப்பு என்று காட்டும். ‘ரிமூவ்’ மென்பொருளை எடுத்துவிட்டு அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பேர்ஜ்’ அவற்றையும் சேர்த்துத் துடைக்கும். ‘ஆட்டோரிமூவ்’ துணைக்கு வந்து இப்போது வேலையில்லாமல் கிடப்பவற்றை அனுப்பிவைக்கும். இதில் நாங்கள் அழுத்திச் சொல்ல வருவது நீக்குவதைப் பற்றி. போட எல்லாருக்கும் தெரியும். எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் பெட்டி சொந்தம். முகம் தெரியாத ஸ்கிரிப்ட் எங்கெங்கே எதைக் கொட்டியது என்று ஆப்டுக்குத் தெரியாது. அதனால் அதை ஆப்டால் எடுக்கவும் முடியாது.

“டேட்டா முடிஞ்சிடும், அதுதான் அப்டேட் போடுறேல்ல” என்பது அடுத்த சாட்டு. ரீலோட் காசின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் அப்கிரேட் அடித்தால் எத்தனை எம்பி இறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சரியா என்று கேட்டபிறகுதான் ஆப்ட் தொடங்குகிறது. ‘ஆப்ட்-கெட்’ கட்டளையால் இறக்கினால் டெப் கோப்புகள் பெட்டியிலேயே தங்கும். அதே பதிப்புப் பாவிக்கிற தோழருக்கு அவற்றைப் பென்டிரைவில் கொடுக்கலாம். ஒருவர் இறக்க ஐந்து பேர் போடலாம். மறுபக்கம், அப்டேட்டைப் பூட்டி வைத்ததன் விலை என்ன? 2017 மே மாதம் வானாக்ரை தாக்கி இங்கிலாந்தின் மருத்துவமனைகள் வரை முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது.

ஆப்ட் பிழையே விடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் போடப் போய் முழு டெஸ்க்டொப்பையும் இழந்தார். பொதியில் சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் எதெதை அழிக்கப் போகிறேன் என்று ஆப்ட் பட்டியல் போட்டது. “ஆம், நான் சொல்வதைச் செய்” என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வசனம் அடிக்கச் சொன்னது. அவர் அடித்தார். பிறகு ஆப்டை உருவாக்குபவர்கள் அந்த வழியை இன்னும் இறுக்கினார்கள். பொதி செய்தவர்களுக்கும் பாடம், வாசிக்காத கைக்கும் பாடம்.

2024 மார்ச்சில் ‘எக்ஸ்ஸெட்’ என்ற சின்னக் கருவிக்குள் ஒருவர் பின்கதவு வைத்தது அம்பலமானது. அது டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் வந்தும்விட்டது. நிலையான பதிப்புக்குள் வரவில்லை. எஸ்எஸ்எச் லொகின் வழமையைவிட அரைச் செக்கன் தாமதமாகிறதே, ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆந்த்ரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். திறந்த மூலம் தானாக யாரையும் காப்பாற்றாது. திறந்திருப்பதை எட்டிப் பார்க்கிற ஒரு ஆள் வேணும்.

இதில் தமிழுக்கும் பங்கு இருக்கிறது. தமிழ் எழுத்துருக்கள் பொதியாக இருக்கின்றன. ஸ்கேன் பண்ணின தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்டின் தமிழ்த் தரவும் ஒரு பொதிதான். பழைய சஞ்சிகைகளை மின்வடிவாக்க நினைக்கிற எவருக்கும் அது ஒரு கட்டளைத் தூரம். ஆனால் பராமரிக்க ஆளில்லாத பொதி ஒருநாள் பட்டியலிலிருந்து எடுபடலாம். பாவிக்கிறவர்கள் பிழையைக் கண்டு அறிவிக்காவிட்டால் அந்தப் பிழை அப்படியே கிடக்கும். “தமிழுக்கு ஒண்டும் இல்லை” என்று முகநூலில் அழுகிறவர்கள் எத்தனை பேர் இதுவரை ஒரு வழு அறிக்கை எழுதியிருக்கிறீர்கள்?

ஆகவே தோழர்களே, லினக்ஸ் பட்டறை வைப்பவர்கள் டெஸ்க்டொப்பின் அழகைக் காட்டி ஆள் சேர்க்கிறதை நிறுத்துங்கோ. முதல் வகுப்பிலேயே மேலே சொன்ன ஆறு கட்டளைகளையும் தமிழில் சொல்லிக் கொடுங்கோ. ஆப்டில் இருக்கிற ஒன்றுக்கு வெளி ஸ்கிரிப்ட் தேடாதேங்கோ. வெளியிலிருந்து எடுத்தே தீர வேண்டுமென்றால் முதலில் இறக்குங்கோ, வாசியுங்கோ, விளங்காததைக் கேளுங்கோ, அதன் பிறகு ஓடவிடுங்கோ. “ஒய்” அடிக்க முதல் அதற்கு மேலே உள்ள பட்டியலைப் பாருங்கோ. அதுகூட ஏலாது என்றால் சுதந்திர மென்பொருள் பற்றிப் பேச்சை விடுவம். இலவசமாக ஒரு விண்டோஸ் கிடைத்தது என்று மட்டும் சொல்லிக்கொள்வம்.