தூக்கத்துக்கு 5-ஹெச்.டி.பி... அம்மாவுக்கும் ஒன்று கொடுக்கலாமா?

நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், விடிந்த பிறகும் தூக்கம் வராது. சில மாதங்களாக எனக்கு இதே கதைதான். ``5-ஹெச்.டி.பி போட்டுப் பாரு, தூக்கமும் வரும், மூடும் சரியாகும்'' என்று தோழி சொல்ல, ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். டப்பாவில் `இயற்கையானது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

``எனக்கும்தான் தூக்கமே வரல, ஒண்ணு கொடுடி'' என்று கை நீட்டினார் அம்மா. கொடுக்கப்போன நேரத்தில்தான், மனச்சோர்வுக்காக அவர் தினமும் மாத்திரை சாப்பிடுவது நினைவுக்கு வந்தது. அவருடைய டாக்டருக்கு போன் செய்தேன். ``கொடுத்துடாதீங்க'' என்றார் உடனே.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

பால், முட்டை, பருப்பு, வேர்க்கடலை என நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் உள்ளது. உடல் அதை 5-ஹெச்.டி.பி-யாக மாற்றி, அதிலிருந்து செரோட்டோனினைத் தயாரிக்கிறது. மனநிலையில் இதற்குப் பங்கு உண்டு. தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் உருவாவதும் செரோட்டோனினிலிருந்துதான். கடையில் கிடைக்கும் 5-ஹெச்.டி.பி பெரும்பாலும், மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் கிரிஃபோனியா என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது.

பலன் தருமா?

மனச்சோர்வுக்கு டிரிப்டோஃபேனும் 5-ஹெச்.டி.பி-யும் உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளை அலசியது. தரத்தில் தேறியவை 2 மட்டுமே. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தமே 64 பேர். ஓரளவு பலன் தெரிந்தாலும், நம்பிச் சாப்பிட அது போதாது என்பதே முடிவு.

ஆபத்து எங்கே?

மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் மூளையில் செரோட்டோனினின் செயல்பாட்டைக் கூட்டுபவை. அதோடு 5-ஹெச்.டி.பி-யும் சேர்ந்தால் அளவு மீறி, `செரோட்டோனின் சிண்ட்ரோம்' வரலாம். படபடப்பு, நடுக்கம், அதிக வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். முற்றினால் உயிருக்கே ஆபத்து. டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் சிரப் ஆகியவற்றோடும் சேர்க்கக் கூடாது.

`இயற்கை' என்ற சொல்லும் காப்பாற்றாது. 1989-ல் அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலி நோயால் பாதிக்கப்பட்டார்கள். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நிறுவனத்தின் தயாரிப்பில் கலந்திருந்த மாசுதான் முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

* வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.
* டாக்டரிடம் போகும்போது, சப்ளிமென்ட் டப்பாவையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.
* 5-ஹெச்.டி.பி-யை நம்பி மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், அரசின் டெலி-மானஸ் எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

அம்மாவின் தூக்கம் என்னாயிற்று என்கிறீர்களா? இரவில் போட்டுவந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார் டாக்டர். இப்போது பத்து மணிக்கே தூங்கிவிடுகிறார். ஒரு போன் காலில் முடிந்த விஷயம். நான் ஆர்டர் செய்த டப்பா, பிரிக்காமல் அப்படியே இருக்கிறது!