முட்டுக்கட்டையும் வேண்டும்!

நம் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "இதற்குப் பணம் எங்கே? அனுமதி வாங்கியாயிற்றா?" என்று கேட்டுவிட்டால் போதும். "வந்துவிட்டாரய்யா முட்டுக்கட்டை!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பும். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். முன்னேற்றத்தின் பகை, நல்ல காரியத்தைக் கெடுப்பது என்பதே அச்சொல்லுக்கு நாம் கொடுத்துவிட்ட பொருள். ஆனால் சென்ற ஆடி மாதத்து மழையில், ஒரு பழைய டிரெய்லர் எனக்கு அச்சொல்லின் உண்மைப் பொருளைக் கற்பித்தது. பௌதிக வகுப்பில் ஐந்தாண்டு அமர்ந்தும் நான் கல்லாத பாடம் அது. நண்பர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

எங்கள் வாடகை வீடு ஸ்ரீவராகம் குளத்துக்குச் சிறிது தொலைவில் இருக்கிறது. என் தந்தையார் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து சாலை பஜாருக்குப் பிழைக்க வந்தவர். வீட்டை அடுத்து ஒரு மோட்டார் பட்டறை. அதன் சொந்தக்காரரும் திருநெல்வேலிச் சீமைக்காரரே. தெரு முழுவதற்கும் அவர் அண்ணாச்சி. வெல்டிங், டிங்கரிங், பெயிண்டிங் ஆகியவற்றோடு, வழியில் நின்றுபோன கார்களை ஏற்றிவரும் வேலையும் அவருக்கு உண்டு. அதற்கென்று ஒரு ஜீப்பும், அதன் பின்னால் பூட்டுகிற ஒற்றை அச்சு டிரெய்லரும் வைத்திருக்கிறார். அம்பாசிடரும் பியட்டும் சாலைகளை ஆண்ட காலத்தில் செய்த இழுவண்டி அது. துரு ஏறி, பலகை இற்று, விளக்கு அணைந்து, வேப்பமரத்தடியில் ஓராண்டாகக் கிடந்தது.

ஓணத்துக்கு முன் அதைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி துணிந்தார். புதுப் பலகை, நீல வர்ணம், காரை மேலே இழுக்க ஒரு மின்சார வின்ச், பெரிய வண்டிகளையும் தாங்குவதற்கு அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் என்று பட்டியல் போட்டார். அதில் அவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுபோயிற்று. இன்று நடுவழியில் நின்று கூப்பிடுகிறவர்களின் கார்களில் பல ஒன்றரை டன்னைத் தாண்டுகின்றன. காலத்துக்கேற்ப வண்டியும் வளர வேண்டாமா என்பது அவர் வாதம். பட்டியல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பிரேக் இல்லை. அந்த டிரெய்லருக்கு முன்பும் பிரேக் இருந்ததில்லை. ஜீப்பின் பிரேக்தான் இரண்டுக்கும்.

நான் சோதனைச்சாலைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். டிரெய்லர் 600 கிலோ, அதன்மேல் 1,100 கிலோ எடையுள்ள ஒரு பழைய கார். ஆக 1,700 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,05,000 ஜூல். வேகம் 60 ஆனால் 2,36,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆற்றலோ இரண்டேகால் மடங்காயிற்று. இத்தனையும் வெப்பமாக மாறினால்தான் வண்டி நிற்கும். அந்த வெப்பமெல்லாம் ஜீப்பின் நான்கு சக்கரங்களில்தான் பிறக்க வேண்டும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவாக இருந்தாலோ, நின்றுகொண்டிருக்கும்போதே ஏறக்குறைய 170 கிலோ எடைக்கு ஈடான விசை ஜீப்பின் முதுகை நெட்டிக்கொண்டிருக்கும். மேடும் பள்ளமுமான இந்நகரத்தில் அத்தகைய சரிவுக்குப் பஞ்சமா?

"அண்ணாச்சி, டிரெய்லருக்கும் பிரேக் வைத்துவிட்டால் நல்லது" என்று மெல்லச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "தம்பி, இவ்வளவு நாளா பிரேக்கோடவா ஓடுச்சு? நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதீங்க."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். குறிப்பேட்டை அவரிடம் காட்டவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசுவதா என்ற தயக்கம் ஒன்று. பட்டறைக்காரருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்ற சோம்பல் மற்றொன்று. அச்சோம்பலுக்குப் பணிவு என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

வர்ணம் காய்ந்த மறுவாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு வந்தது. வேடிக்கை பார்க்க நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். பழைய கார் ஒன்றை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நகரின் ஒரு மேட்டிலிருந்து இறங்குகிறோம். குறுக்கே ஓர் ஆட்டோ திரும்பியது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றிருக்கும், பின்னாலிருந்த டிரெய்லர் நிற்க விடவில்லை. பின்புறத்தை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளியது. ஜீப் சாலைக்குக் குறுக்காகத் திரும்பி, நனைந்த தாரில் அங்குலம் அங்குலமாக வழுக்கத் தொடங்கியது. சரிவின் கீழே பேருந்து நிறுத்தம். குடை பிடித்தபடி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

பின்னாலிருந்து பட்டறைப் பையன் குதித்தான். காரின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த மரக்கட்டை ஒன்றைப் பிடுங்கி, டிரெய்லர் சக்கரத்தின் கீழே செருகினான். ஓடிப்போய் ஒரு கல்லை மறு சக்கரத்துக்கு வைத்தான். வண்டி ஒரு முனகலோடு நின்றது.

அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நியூட்டனின் விதிகளை அவன் ஒப்பித்ததில்லை. கணக்கு முழுவதும் தெரிந்த நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு உண்டான வெட்கம் இன்றும் ஆறவில்லை.

வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "திருவாரூர்த் தேரையே கட்டை போட்டுத்தான நிறுத்துதாங்க!" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைச் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது.

எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய இழுவண்டி எது? திருவாரூர் ஆழித்தேர்தான். அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். ஆயிரக்கணக்கானவர் வடம் பிடித்தால் அது நகரும். ஆனால் நகர்த்துவது பாதி வேலைதான். மூலை திரும்பவும், வீட்டுச் சுவரில் மோதாமல் நிற்கவும், சக்கரத்தருகே கட்டையோடு குனிந்து நிற்கிற ஒரு சிலர் வேண்டும். எந்தக் கணத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு தள்ளிக் கட்டையைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தும், அவர்கள் கட்டை போடாவிட்டால் தேர் தேராக இராது. தெருவையே அழிக்கும் பாரமாகிவிடும். முட்டுக்கட்டை என்ற சொல்லின் பிறப்பிடம் அந்தச் சக்கரத்தடி. அதை வசைச்சொல்லாக்கியவர்கள் மேடைப் பேச்சாளர்களாகிய நாம்.

அந்தத் தேருக்கும் சோதனைகள் வந்ததுண்டு. 1926-இல் தீக்கிரையாயிற்று, மீண்டும் செய்தார்கள். 1948-க்குப் பின் பல ஆண்டு ஓடாமல் நின்று, 1970-இல் மறுபடியும் ஓடியது. அதைக் காலத்துக்கேற்ப உயர்த்தியபோது என்ன செய்தார்கள்? திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் பொறியியல் அதற்கு இரும்பு அச்சுகளையும் இரும்புச் சக்கரங்களையும் தந்தது. கூடவே ஹைட்ராலிக் பிரேக்கையும் தந்தது. அச்சும் சக்கரமும் ஓடுவதற்கு; பிரேக் நிற்பதற்கு. இன்றும் முட்டுக்கட்டைக்காரர்கள் தேரோடு நடக்கிறார்கள். பழமையை விடாமல் புதுமையைச் சேர்ப்பது என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அதன் செயல்வடிவம் அங்கே சக்கரத்தடியில் இருக்கிறது.

அண்ணாச்சியின் டிரெய்லரும் அந்த வழிக்கு வந்தது. வின்ச்சுக்கு ஒதுக்கியிருந்த பணம் பிரேக்குக்குப் போயிற்று. நீல வர்ணத்தைச் சுரண்டி, சட்டம் முழுவதையும் சுத்தியால் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்றது. துரு தின்ற இடம் பொத்தென்றது. இரண்டு இடத்தில் பொத்தென்றது. அவ்விரண்டையும் வெட்டியெறிந்து புது இரும்பு வைத்தார்கள். சக்கரத்தைக் கழற்றினால் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் சேறு. டயர்களில் பூ இருந்தது. பக்கங்களிலோ மயிரிழை வெடிப்புகள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எங்கள் டயரில் இருந்த எண் அதுதான்! இரண்டையும் மாற்றினார்கள்.

பொருத்திய பிரேக்கின் தத்துவம் எளியது. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதன்மேல் நெட்டுகிறதல்லவா? அந்த நெட்டலால் இணைப்புத் தண்டு சிறிது உள்ளே போகும்; உள்ளே போகும் தண்டு டிரெய்லர் சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்கும். எந்த விசை எங்களைக் கவிழ்க்கப் பார்த்ததோ, அந்த விசையே இப்போது நிறுத்துகிறது. இணைப்பு கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டினார்கள். கார் வெகுவாகப் பின்தள்ளி நின்றால் டிரெய்லரின் மூக்கு மேலெழும்பி, ஓடும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இறங்க வேண்டும். எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்து, முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று பலகையில் ஒரு மஞ்சள் கோடு போட்டோம். அந்தக் கோடுதான் என் ஐந்தாண்டுப் படிப்பு செய்த முதல் உபகாரம்.

கூடுதல் இரும்புச் சட்டங்கள் என்னவாயின? அவற்றை எடுத்துவிட்டார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு உண்டு. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதியாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒன்றரை டன் கார் வந்தால், "நம்மால் ஆகாது" என்று அண்ணாச்சி வேறு வண்டிக்காரரைக் கைகாட்டுகிறார். பிரேக் வைத்ததையும் மோட்டார் வாகன அலுவலகத்தில் காட்டி, பரிசோதனை முடித்த பிறகே சாலையில் இறக்கினார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. "வருகிற வாடிக்கைக்காரர் வர்ணத்தைத்தான் பார்க்கிறார். பிரேக்கைக் குனிந்து பார்க்கிறவர் யார்? அதற்கான செலவை யார் தருவார்?" என்று அண்ணாச்சி கேட்கிறார். உண்மைதான். நிற்பதற்குச் செலவழிப்பவனுக்கு நம் நாட்டில் கைதட்டல் இல்லை. ஆனால் செலவழிக்காததற்கு விலை இல்லையா? 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிச் சிறுவர்கள் உட்படப் பதினொரு பேர் மாண்டார்கள். திருவிழாவின் ஆரவாரத்துக்கு நடுவே, "நில்லுங்கள், உயரம் எவ்வளவு? கம்பி எங்கே?" என்று கேட்கும் ஒரு குரல் நம் ஊர்தோறும் வேண்டாமா? அந்தக் குரலைத்தான் நாம் முட்டுக்கட்டை என்று சிரிக்கிறோம்.

நம் திருவனந்தபுரமே இன்னொரு பாடமும் சொல்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக 70 டன் எடையுள்ள ஒரு யந்திரம், 74 சக்கரமுள்ள வாகனத்தில், 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்திலிருந்து புறப்பட்டது. வந்து சேர்ந்தது 2020 ஜூலையில். ஊரடங்கும் இடையில் வந்தது. என்றாலும் மின்கம்பியை அகற்றி, மரக்கிளையை விலக்கி, ஆள் முன்னே நடந்து வழி பார்த்தல்லவா அதைக் கொண்டுவந்தார்கள்! ராக்கெட் விடுகிறவர்களுக்கே தரையில் ஊர்ந்து வருவதில் வெட்கமில்லை. நமக்கு ஏன்?

நண்பர்களே, நம்மில் விஞ்ஞானம் படிப்பவர் பலர். பட்டறைகளிலும் சாலை பஜாரின் சுமைவண்டிகளிலும் உழைக்கிற தமிழரும் இந்நகரில் பலர். நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர். நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராகப் பட்டறைகளுக்குப் போவோம். எடை, சரிவு, வேகம், டயரின் வயது, மூக்கில் இறங்க வேண்டிய பாரம் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். உபதேசம் செய்ய வேண்டாம். சுத்தியால் தட்டினால் எங்கே பொத்தென்கிறது என்று அவர்களிடம் கேட்டுக் கற்போம். கணக்கை அவர்களுக்குக் கொடுப்போம்.

போன மாதம் அதே மேட்டில் மழையிலேயே இறங்கினோம். அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் ஒருமுறை முனகிவிட்டு, ஜீப்போடு சேர்ந்து நின்றது. பையன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் கையில் கட்டை அப்படியே இருந்தது. "அதை மட்டும் கீழே போட்டுராதல" என்றார் அண்ணாச்சி.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து சங்கடமான கேள்வி கேட்டால், இனி நான் சிரிக்க மாட்டேன். அவர் கையில் இருப்பதும் அந்தக் கட்டைதான்.